மூச்சுக் கருவி பழசாகும்போது: கார்வேட்டிநகரத்தில் தொடங்கும் ஒரு காப்பீட்டு வரலாறு

கார்வேட்டிநகரம் இன்று சித்தூர் மாவட்டத்தின் ஒரு மண்டலத் தலைமையிடம். ஒரு காலத்தில் அது ஒரு ஜமீனின் தலைநகர். வேணுகோபால சுவாமி கோயிலும் ஸ்கந்த புஷ்கரிணி என்னும் குளமும் அக்காலத்தின் எச்சங்களாக நிற்கின்றன. திருத்தணியும் அந்த ஜமீனுக்கு உட்பட்டதாகவே இருந்தது. 1911-இல் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்துக்குள் சென்றது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடு பலமுறை இடம் மாறியபோதும், அதன் இருபுறமும் தமிழும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்து வருகின்றன. ஒரே குடும்பத்தின் ஒரு கிளைக்கு ஆந்திரக் குடும்ப அட்டையும் மறு கிளைக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையும் இருப்பது இங்கே வியப்பன்று.

இந்த அட்டைகளே இன்று மருத்துவத்தின் நுழைவாயில். இதய அறுவை, புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றுக்கு இந்த வாயில் திறந்திருக்கிறது. ஆனால் இரவுதோறும் தலைமாட்டில் இயங்கும் ஒரு சிறு கருவி பழசாகிவிட்டது, அதை மாற்ற வேண்டும் என்று ஒருவர் இந்த வாயிலில் வந்து நின்றால், அவருக்கு எந்தச் சாளரமும் இல்லை. திருப்பதியின் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்குச் சென்றாலும் சித்தூர் மாவட்ட மருத்துவமனைக்குச் சென்றாலும் இதில் மாற்றமில்லை. இந்த இன்மை எவ்வாறு உருவானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எவரேனும் மறுத்ததால் அது உருவாகவில்லை. காப்பீட்டுத் திட்டங்கள் நோயை எந்தச் சொற்களால் எண்ணத் தொடங்கின என்பதிலேயே அதன் விதை கிடக்கிறது.

முதலில் நோய். உறக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுவதை உறக்க மூச்சடைப்பு என்கிறோம். மூச்சு பத்து விநாடிக்கும் மேலாக நின்று, இரத்தத்தில் உயிர்வளி குறைந்து, மூளை விழித்து மூச்சை மீட்டெடுக்கிறது. கடுமையான நிலையில் இது மணிக்கு முப்பது முறைக்கு மேலும் நிகழும். உறங்குபவருக்கு இது தெரிவதில்லை; பக்கத்தில் படுத்திருப்பவருக்கே தெரியும். பகலில் தூக்கக்கலக்கம், உயர் இரத்த அழுத்தம், இதயத்துடிப்புக் கோளாறு, வாகனம் ஓட்டுகையில் கண்ணயர்தல் ஆகியன இதன் விளைவுகள்.

இந்நோய்க்குப் பெயர் கிடைப்பதற்கே நெடுங்காலம் ஆயிற்று. 1836-37-இல் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் எந்நேரமும் உறங்கி வழியும் பருத்த சிறுவன் ஒருவன் வருகிறான். 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் உடற்பருமனும் மூச்சுக்குறைவும் சேர்ந்த ஒரு நிலைக்கு அந்நாவலின் பெயரையே சூட்டினர். 1965-இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருந்த ஆய்வாளர்கள், உறங்கும்போது மூச்சு நின்று நின்று வருவதைப் பதிவு செய்தனர். 1976-இல் ஸ்டான்ஃபோர்டில் கில்மினோ குழுவினர் அதை ஒரு தனி நோய்க்கூட்டமாக வரையறுத்தனர். அதுவரை குறட்டை நகைப்புக்கு உரியதாகவே இருந்தது. தமிழில் குறட்டை, தெலுங்கில் குரக, கன்னடத்தில் கொரகெ என ஒலியைக் கொண்டே அதைச் சுட்டுகிறோம். ஒலிக்குப் பெயர் இருந்தது. ஒலிகளுக்கு இடையில் விழும் மௌனத்துக்குப் பெயர் இருக்கவில்லை. நோயோ அந்த மௌனத்தில்தான் இருந்தது.

சிகிச்சையும் எளிதாக இருக்கவில்லை. 1970-களில் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலைத் திறந்துவிடுவதே உறுதியான வழி. 1980-இல் சிட்னியில் காலின் சல்லிவன், ஒரு சிறு காற்று ஊதியையும் மூக்குக்கு மட்டுமான முகமூடியையும் இணைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து செலுத்தி, அடைபடும் தொண்டையைத் திறந்தே வைத்திருக்க முடியும் எனக் கண்டார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட முடிவுகள் 1981-இல் லான்செட் இதழில் வெளியாயின. இன்று சிபேப் என வழங்கும் கருவியின் தொடக்கம் இதுவே. தொடக்கக் கருவிகள் பேரொலி எழுப்பின. முகமூடியை ஒவ்வோர் இரவும் பசையிட்டு ஒட்ட வேண்டியிருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அது சுருங்கி, ஒலி குறைந்து, வீட்டுப் பொருளாக மாறியது.

வீட்டுப் பொருளாக மாறியது என்பதில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. ஒன்று, இக்கருவி நோயைக் குணப்படுத்துவதில்லை. அணிந்திருக்கும் இரவில் மட்டுமே காக்கிறது. ஆகவே சிகிச்சைக்கு முடிவுநாள் கிடையாது. மற்றொன்று, எந்த வீட்டுப் பொருளையும் போல இதுவும் தேயும். முகமூடியின் மென்விளிம்பு சில மாதங்களில் இறுகிக் காற்றைக் கசியவிடும். வடிகட்டியில் தூசி அடையும். மின்னழுத்தம் ஏறியிறங்கும் ஊர்களில் மின்சுற்று பழுதாகும். ஊதியின் சுழற்சி தளரும்போது, குறித்த அழுத்தம் கிடைக்காமலே கருவி இயங்கிக்கொண்டிருக்கும். உறங்குபவர் காக்கப்பட்டதாக எண்ணிக்கொண்டு உறங்குவார். 2021 ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் பல இலட்சம் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஒலியைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து, அதன் துகள்கள் மூச்சோடு உள்ளே செல்லக்கூடும் என்பதே காரணம். கருவி மூப்படைவது மருத்துவப் பொருள் உடைய நிகழ்வு என்பதை அந்த அறிவிப்பு உலகுக்கு உணர்த்தியது.

இந்தியாவில் இந்நோய் அரிதன்று. மும்பையில் நடுவயது ஆண்களிடையே நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, பகல்நேர உறக்கத்தோடு கூடிய நோய்நிலை 7.5 விழுக்காட்டினரிடம் இருப்பதாகக் கண்டது. 1993-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்களிடையே கண்ட அளவு 4 விழுக்காடு. நகரத்துக் கணக்கை அப்படியே கார்வேட்டிநகரத்தின் மேல் வைத்துப் பார்க்க முடியாது. எனினும் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிற்றூர்களையும் எட்டிவிட்ட காலத்தில், அவற்றோடு கைகோத்து வரும் இந்நோய் மட்டும் நகர எல்லையில் நின்றுவிடாது.

இனிக் காப்பீட்டின் வரலாறு. விடுதலைக்குப் பின் இந்திய அரசு முதலில் உருவாக்கிய மருத்துவப் பாதுகாப்புகள் வேலையோடு பிணைக்கப்பட்டவை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டு 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு ஊழியர்க்கான சுகாதாரத் திட்டம் 1954-இல் டெல்லியில் தொடங்கியது. இவ்விரண்டிலும் பயனாளி ஒரு தொடர்ச்சி உள்ள மனிதர்: மருந்தகத்துக்கு வருவார், மருந்து பெறுவார், மீண்டும் வருவார். உழவரும் நெசவாளரும் அன்றாடக் கூலிகளும் இந்த வட்டத்துக்கு வெளியே நின்றனர்.

அவர்களுக்கான பதில் ஆந்திரத்தில் 2007-இல் வந்தது. பெருநோய்ச் செலவுக்கு உதவி கேட்டு முதலமைச்சர் நிவாரண நிதிக்கு வந்து குவிந்த மனுக்களே அதன் பின்னணி. தாமே மருத்துவரான முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியின் அரசு, 2007 ஏப்ரல் 1 அன்று அனந்தபூர், மகபூப்நகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் சித்தூர் மாவட்டம் சேர்க்கப்பட்டது. வெள்ளைக் குடும்ப அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய், மேலும் தேவைப்பட்டால் ஐம்பதாயிரம். கடன் வாங்காமல், நகை அடகு வைக்காமல் இதய அறுவை செய்துகொள்ளலாம் என்பது அன்று சிறிய செய்தியன்று. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் ரூபாய் என்ற வரம்போடு வந்தது.

மனுவிலிருந்து பிறந்த திட்டம் மனுவின் வடிவத்தையே தாங்கி நின்றது. நிவாரண நிதிக்கு மனு எழுதுபவர் தம் வாழ்வில் வந்த ஒரு பேரிடரை எழுதுவார்: இன்ன நோய், இன்ன மருத்துவமனை, இன்ன தொகை. ஆரோக்கியஸ்ரீ அந்த மூன்றையும் ஒரு பட்டியலாக்கியது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு சிகிச்சைமுறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு, ஒரு தொகை. நோயாளி அனுமதிக்கப்படுகிறார், முன்அனுமதி கிடைக்கிறது, சிகிச்சை நடக்கிறது, வீடு திரும்புகிறார், மருத்துவமனைக்குத் தொகை செல்கிறது. மொழியியல் வகையில் சொன்னால், இப்பட்டியலின் வினைகள் எல்லாம் முற்றுவினைகள். உறக்க மூச்சடைப்புக்கான சிகிச்சையோ முற்றுப்பெறாத வினை; இரவுதோறும் நிகழ்ந்துகொண்டே இருப்பது. முற்றுவினைகளை மட்டும் எண்ணத் தெரிந்த ஏட்டில் அதற்கு வரி இல்லை.

தொகைதான் தடை என்று கருதினால் பின்வந்த ஆண்டுகள் அக்கருத்தைப் பொய்ப்பிக்கும். 2014-க்குப் பின் ஆந்திரத்தில் திட்டம் என்.டி.ஆர். வைத்திய சேவை ஆயிற்று. வரம்பு இரண்டரை இலட்சமானது. 2019-க்குப் பின் ஒய்.எஸ்.ஆர். ஆரோக்கியஸ்ரீ, வரம்பு ஐந்து இலட்சம். 2023 டிசம்பரில் வரம்பு இருபத்தைந்து இலட்சமாக உயர்ந்தது. 2024-இல் மீண்டும் என்.டி.ஆர். பெயர் வந்தது. சில நூறு வரிகளோடு தொடங்கிய பட்டியல் மூவாயிரத்தைக் கடந்தது. ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின, தொகை பதின்மடங்குக்கு மேல் பெருகியது. அலகு மட்டும் மாறவில்லை. இருபத்தைந்து இலட்சம் வரம்புள்ள அட்டையைக் கையில் வைத்திருப்பவர், சில பத்தாயிரம் ரூபாய் விலையுள்ள கருவிக்காகக் கடன் வாங்குகிறார். ஆயுஷ்மான் பாரத்திலும் இதே நிலை: மருத்துவமனையில் தங்காமல் பெறும் சிகிச்சை அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது.

இந்த அலகுக்குள் நாட்பட்ட நோய் நுழையவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. இரத்தச் சுத்திகரிப்பு நுழைந்திருக்கிறது. அதுவும் வாழ்நாள் முழுதும் தொடர்வதே. ஆனால் அதை அமர்வுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அமர்வையும் மருத்துவமனையில் முடிந்த ஒரு நிகழ்வாக எண்ண முடிகிறது. கருவி மருத்துவமனையின் சொத்து. அது பழசானால் மாற்றுவது மருத்துவமனையின் பொறுப்பு. காது கேளாக் குழந்தைகளுக்கான உட்செவிக் கருவியும் நுழைந்திருக்கிறது. அதைப் பொருத்துவது அறுவைச் சிகிச்சை என்பதால் பட்டியல் அதை எளிதாக ஏற்றது. காதுக்கு வெளியே அணியும் ஒலிச்செயலி சில ஆண்டுகளில் பழுதாகும்போதுதான் பெற்றோர் அதே மதில்முன் வந்து நிற்கின்றனர். மருத்துவமனைச் சுவருக்குள் இருக்கும் கருவி மூத்தால் அது நிர்வாகச் செய்தி. வீட்டுக்குள் இருக்கும் கருவி மூத்தால் அது குடும்பத்தின் தலைவிதி.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன? அமெரிக்காவில் முதியோர்க்கான மெடிகேர் 1987-இல் சிபேப் கருவியை ஏற்றது. அங்கே அது சிகிச்சைமுறையாக எண்ணப்படவில்லை. நீடித்து உழைக்கும் மருத்துவப் பொருள் என்ற தனி இனத்தில் சேர்க்கப்பட்டது. இன்றைய விதிப்படி பதின்மூன்று மாத வாடகைக்குப் பின் கருவி பயனாளிக்கு உரிமையாகும். அதன் நியாயமான உழைப்புக்காலம் ஐந்து ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டுள்ளது. ஐந்து ஆண்டு கழிந்தால் மாற்றுக் கருவி கேட்கலாம். மீண்டும் உறக்க ஆய்வு தேவையில்லை, பயன்படுத்தி வருகிறார் என்ற மருத்துவரின் பதிவு போதும். அதே அமைப்பு கடுமையும் உடையது: முதல் மூன்று மாதங்களில் தொடர்ந்த முப்பது நாள்களில் எழுபது விழுக்காட்டு இரவுகளிலேனும் நான்கு மணிநேரம் அணியாதவர் கருவியை இழக்க நேரிடும். பிரிட்டனில் 2008-இல் தேசிய வழிகாட்டுதல் இக்கருவியை மிதமான, கடுமையான நோய்நிலைகளுக்குப் பரிந்துரைத்தது. அங்கே உறக்க மருத்துவப் பிரிவு அதைக் கடனாகத் தருகிறது. பழுதானால் அதே பிரிவிடம் திரும்பிச் செல்லலாம். வாடகை, கடன் ஆகிய இரு முறைகளிலும் அடிப்படை ஒன்றே: கருவிக்கு ஆயுள் உண்டு என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது.

இந்தியாவுக்குள்ளேயே மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம், உறக்க ஆய்வின் அடிப்படையிலும் முன்அனுமதியின் பேரிலும், விலை வரம்புக்கு உட்பட்டு இத்தகைய கருவிகளின் செலவைத் திருப்பித் தருகிறது. அப்படியானால் கருத்து இந்திய நிர்வாகத்துக்கு அறிமுகமற்றதன்று. ஒரே தெருவில் மத்திய அரசிலிருந்து ஓய்வுபெற்றவர் ஒருவரும், மாந்தோப்பில் கூலி வேலை செய்பவர் ஒருவரும் ஒரே நோயோடு வாழலாம். முன்னவரின் மூச்சு விதிக்குள் இருக்கிறது. பின்னவரின் மூச்சு விதிக்கு வெளியே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட இருபத்தொரு வகைக் குறைபாடுகளில் உறக்க மூச்சடைப்பு இல்லை. எனவே அந்த வாயிலும் மூடியே இருக்கிறது.

இவ்விடத்தில் கார்வேட்டிநகரத்துக்கு அண்மையிலேயே உள்ள ஒரு முன்மாதிரியை நினைவுகூர்வது பொருந்தும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்டும் அவருடைய தோழர்களும், தொழுநோயாளரின் பாதங்கள் நோயால் நேரடியாக அழுகுவதில்லை, உணர்விழந்த பாதம் தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் புண்படுகிறது என்று நிறுவினர். அதன் பின் காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-இல் அமைந்த தொழுநோய் ஆய்வு மையத்திலும் வேலூரிலும், நுண்துளை ரப்பரால் ஆன மென்செருப்புகள் உருவாக்கப்பட்டுப் பரவலாயின. பின்னர் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் அச்செருப்பை இலவசமாக வழங்கியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது ஒருமுறை வழங்கி முடித்த கொடை அன்று. ஆண்டுக்கு இரண்டு இணை என்பது வழிகாட்டு நெறி. ரப்பர் தேயும், தேய்ந்த செருப்பு பாதத்தைக் காக்காது, ஆகவே புதியது தர வேண்டும் என்ற எளிய அறிவு அந்த நெறியில் இருந்தது. தேய்மானம் அங்கே நோயாளியின் கவனக்குறைவாகக் கருதப்படவில்லை. சிகிச்சையின் ஒரு பகுதியாக எண்ணப்பட்டது.

அந்தச் செருப்புக்கும் இந்தக் கருவிக்கும் விலையில் வேறுபாடு உண்டு, தத்துவத்தில் இல்லை. இரண்டும் குணப்படுத்துவதில்லை, காக்கின்றன. இரண்டும் வீட்டில் அணியப்படுகின்றன. இரண்டும் தேய்கின்றன. தொழுநோய்த் திட்டம் நோயாளியை அவருடைய வாழ்நாள் நெடுகப் பின்தொடரும் பொதுச் சுகாதாரத் திட்டமாக அமைந்தது. ஆரோக்கியஸ்ரீ நோயாளியை அவர் மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் மட்டும் அறியும் காப்பீடாக அமைந்தது. பிளவு இங்கேதான் நேர்ந்தது. காப்பீட்டின் வெற்றி மறுக்கத்தக்கதன்று. ஆனால் அது வளர வளர, வீட்டில் நிகழும் சிகிச்சை எதற்கும் உரிமையாளர் இல்லாத நிலையும் உடன் வளர்ந்தது. 2021-இன் பெருந்தொற்றுக் காலத்தில் உயிர்வளிச் செறிவூட்டிகள் ஊர்ப்புற மருத்துவ நிலையங்கள் வரை வந்தன. பைபேப் கருவிகளுக்கான வரி சில மாதங்களுக்குக் குறைக்கப்பட்டது. மூச்சுக் கருவி பொதுநலனுக்கு உரியது என்று அரசு அன்று ஒப்புக்கொண்டது. அவசரம் தணிந்தபின் அந்த ஒப்புதல் நிலையான விதியாக மாறவில்லை.

மாறுவதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. மூன்று சிறு திருத்தங்கள் போதும். பட்டியலில் சிகிச்சைமுறைகளுக்குப் பக்கத்தில் நீடித்து உழைக்கும் வீட்டுக் கருவிகள் என்ற இனம் ஒன்று. அதன் ஒவ்வொரு வரியிலும் தொகையோடு ஓர் உழைப்புக்காலமும். கருவியின் உரிமை மாவட்ட மருத்துவமனையிடம் இருக்க, நோயாளி அதைக் கடனாகப் பெற்றுப் பழுதானால் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. கருவிகளின் உள்ளேயே எத்தனை மணிநேரம் இயங்கின என்ற கணக்கு பதிவாகிறது; முறைகேட்டுக்கு அஞ்சுவோர்க்கு அப்பதிவே விடை. எல்லைக்கு இருபுறமும் வாழும் குடும்பங்களை மனத்தில் கொண்டால், இத்திருத்தத்தை ஆந்திரமும் தமிழ்நாடும் ஒருசேரச் செய்வது இன்னும் நன்று.

கார்வேட்டிநகரத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தெரு அடங்கிவிடும். அப்போது ஏதோ ஒரு வீட்டில், எட்டு ஆண்டு உழைத்த கருவி ஒன்று முன்னிலும் சற்று உரக்க இரைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்வார். அது நின்றால் விழித்துக்கொள்வார். நோயைக் கண்டறியும் உறக்க ஆய்வுக்கூடங்கள் தோன்றுவதற்கு முன்பே மூச்சின் இடைவெளிகளை எண்ணியவர்கள் இத்தகைய பெண்களே. அவர்கள் எண்ணிவந்ததை அரசின் ஏடும் எண்ணத் தொடங்கும் நாளில்தான் இந்த வரலாற்றின் அடுத்த பகுதியை எழுத முடியும்.